கபடி சர்டிபிகேட்டும் டாக்டர் சீட்டும்

நீட் ரிசல்ட் வருகிற சமயத்தில் எங்கள் ஸ்டாஃப் ரூம் வாசலில் பெற்றோர் கூட்டம் தானாகச் சேர்ந்துவிடும். திருமங்கலம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் நான் விலங்கியல் எடுக்கிறேன். அதனால் டாக்டர் சீட்டு பற்றிய சந்தேகமெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். கட் ஆஃப் எவ்வளவுக்கு இறங்கும், தனியார் காலேஜில் அரசு ஒதுக்கீடு கிடைத்தால் ஃபீஸ் எவ்வளவு என்பதற்கு நடுவில், வருஷம் தவறாமல் இன்னொரு கேள்வியும் வருகிறது.

"டீச்சர், பாப்பா கபடியில மாவட்டம் வரைக்கும் போயிருக்கா. ஜூனியர் ரெட் கிராஸ்லயும் இருந்தா. இதையெல்லாம் டாக்டர் சீட்டுக்குச் சேத்துக்கிருவாங்களா?"

கேட்கிறவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். ஒவ்வொரு சான்றிதழையும் தனித்தனிக் கவரில் போட்டு, வருஷ வாரியாக அடுக்கி வைத்திருப்பார்.

சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நின்றுகொண்டே அவர்களுக்கு இதை முழுசாக விளக்க முடிவதில்லை. ஏன் சேர்ப்பதில்லை, சேர்த்தால் என்ன ஆகும், சேர்க்காமல் விட்டதில் நாம் எதை இழந்தோம் என்று மூன்று விஷயம் அதற்குள் இருக்கிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் இன்றைய நிலவரம். நீட் தேர்வில் 180 கேள்வி, மூன்று மணி நேரம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு, தப்புக்கு ஒன்று குறையும். இரண்டு பேர் ஒரே மதிப்பெண் வாங்கினால் உயிரியலில் யார் கூட என்று பார்ப்பார்கள், அப்புறம் வேதியியல், அப்புறம் இயற்பியல். அதற்குப் பிறகும் தீராவிட்டால் யார் குறைவாகத் தப்புப் போட்டார்கள் என்று பார்ப்பார்கள். இந்த வரிசையில் எங்கேயும் என்.சி.சி. வராது, என்.எஸ்.எஸ். வராது, பேச்சுப் போட்டி வராது. தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கென்று தனியாகச் சில எம்.பி.பி.எஸ். இடங்கள் உண்டு. அண்மை ஆண்டுகளில் ஏழு. மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கான இடங்களுக்கு நடுவில் ஏழே ஏழு. அதற்கும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அதன்பின் சான்றிதழை எடைபோடுவார்கள். அங்கே சர்வதேசப் போட்டி, தேசியப் போட்டி என்று வந்து நிற்கிறவர்களோடு மோத வேண்டும். மாவட்ட அளவில் வாங்கிய கபடி சான்றிதழ் அந்த வரிசையில் ஏறாது. இதைச் சொல்லும்போது அந்த அப்பாக்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வேண்டியிருக்கிறது.

என் சித்தி மகள் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறாள். அவள் வீட்டுக் கதை நேர் எதிர். மகன் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே முதியோர் இல்லத்தில் தன்னார்வ வேலை, நீச்சல் பயிற்சி, வயலின் என்று ஓடிக்கொண்டிருந்தான். ஒன்டாரியோவில் பள்ளி இறுதிச் சான்றிதழ் வாங்கவே 40 மணி நேரம் சமூக சேவை செய்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகும் பொது விண்ணப்பத்தில் இத்தகைய செயல்பாடுகளுக்கென்றே 15 இடம் விட்டிருக்கிறார்கள். அதில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறித்து விரிவாக எழுத வேண்டும். "அங்க ஓ.எம்.ஆர். தாளைப் பாக்குறாங்க, இங்க ஆளைப் பாக்குறாங்கக்கா" என்றாள் ஒருநாள் போனில். நம்மூரிலும் படித்தவர்கள் நிறையப் பேர் இதையே சொல்கிறார்கள். மனப்பாடம் செய்து டாக்டர் ஆகிறான், நோயாளியிடம் முகம் கொடுத்துப் பேசத் தெரியவில்லை, அமெரிக்கா மாதிரி நாமும் மற்ற திறமைகளுக்கு மார்க் போட வேண்டும் என்கிறார்கள்.

நாம் போட்டிருக்கிறோம். போட்டுப் பார்த்து, உச்ச நீதிமன்றம் வரை போய், கைவிட்டிருக்கிறோம். இது பலருக்கு மறந்துவிட்டது.

1970ஆம் ஆண்டு. பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பை முடித்தவர்கள் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு விண்ணப்பித்த காலம். அன்றைய தமிழ்நாட்டுத் தேர்வு முறையில் பாட மதிப்பெண்ணுக்கு 200, நேர்காணலுக்கு 75, ஆக மொத்தம் 275. சென்னையிலிருந்த கல்லூரிகளெல்லாம் சேர்ந்து ஒரு யூனிட். வெளியூரில் உள்ளவை ஒவ்வொன்றும் ஒரு யூனிட். 1954இல் தொடங்கிய நம் மதுரை மருத்துவக் கல்லூரியும் அதில் ஒன்று. யூனிட்டுக்கு ஒரு தேர்வுக் குழு. நேர்காணலில் எதையெல்லாம் பார்த்து மார்க் போட வேண்டும் என்று அரசு ஐந்து தலைப்பு கொடுத்திருந்தது: விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சிறப்புச் சேவைகள், உடல்நிலையும் தாங்குதிறனும், பொதுவான திறமை, மருத்துவத்துக்கான மனப்பாங்கு.

இந்தப் பட்டியலை முதலில் படித்தபோது, நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. இன்று யாராவது ஒரு கமிட்டி போட்டு, நல்ல டாக்டராக வரக்கூடிய பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், அவர்களும் கிட்டத்தட்ட இதே ஐந்தைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். நடந்தது வேறு. பெரியகருப்பன் என்ற, அப்போது மைனராக இருந்த மாணவரின் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்றும் அந்தப் பெயர் தெரியும். நீதிபதி கே.எஸ்.ஹெக்டே எழுதிய தீர்ப்பு. மதிப்பெண் பட்டியலை வரவழைத்துப் பார்த்தார்கள். ஐந்து தலைப்புக்கும் பிரித்து மார்க் போடவே இல்லை. மொத்தமாக ஒரு எண். அவ்வளவுதான். விளையாட்டுக்கு எவ்வளவு, சேவைக்கு எவ்வளவு, மனப்பாங்குக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். 275இல் 75 என்பதே பார்த்த மாத்திரத்தில் அதிகமாகத் தெரிகிறது என்றும் சொன்னது. யூனிட் வாரியாக இடங்களைப் பிரித்ததும் செல்லவில்லை.

அந்த 75 மார்க்கை நம்மூர்த் தரையில் வைத்துப் பாருங்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி பி.யூ.சி. படித்த பையன் ஒருவன். பாடத்தில் 200க்கு 160 வாங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் வக்கீல் வீட்டுப் பையன் 130. நேர்காணல் அறையில் முதலாமவனுக்கு 25 போட்டு, மற்றவனுக்கு 60 போட்டால் கதை முடிந்தது. ஏன் 60 என்று கேட்டால், பையன் துடிப்பாக இருந்தான், ஆங்கிலம் நன்றாகப் பேசினான், கிரிக்கெட் ஆடுகிறான் என்று சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். சிபாரிசுக் கடிதம், ஊர்க்காரர், உறவு, சாதி என்று எது வேண்டுமானாலும் அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒளிந்துகொள்ள முடியும். மொத்தமாகப் போட்ட எண்ணைத் திருப்பிப் பிரித்துப் பார்க்க வழி கிடையாது.

இது தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி வழக்கு, 1980 நவம்பரில் தீர்ப்பானது. அஜய் ஹாசியா வழக்கு என்பார்கள். அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. இவர்கள் பிரித்தே கொடுத்திருந்தார்கள்: பாடத்துக்கு வெளியிலான செயல்பாடுகளுக்கு 10, ஆளுமைக்கு 10 என்று. ஆனால் ஒவ்வொருவரையும் உள்ளே வைத்திருந்தது இரண்டு மூன்று நிமிஷம்தான். கேட்டதும் அப்பா யார், எந்த ஊர் என்பது மாதிரியான கேள்விகள். நேர்காணல் மார்க் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, உள்ளே நடக்கும் பேச்சை டேப்பில் பதிவுசெய்வது நல்லது என்று நீதிபதி பகவதியின் தீர்ப்பு சொன்னது.

வெளிநாட்டுக் கதையும் சுத்தமில்லை. நாம் பெருமையாகச் சொல்கிற அந்த அமெரிக்க முறை எங்கிருந்து வந்தது என்று போய்ப் பார்த்தால் 1920களின் ஹார்வர்டில் நிற்கிறது. பரீட்சை மார்க்கை மட்டும் பார்த்தால் யூத மாணவர்கள் அதிகம் வந்துவிடுகிறார்கள் என்பது அன்றைய தலைவர் லோவெல்லுக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகுதான் 'குணநலன்' என்ற அளவுகோல் பெரிதானது. ஜெரோம் காரபெல் இதைப் பற்றி 2005இல் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அமெரிக்க மருத்துவ மாணவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர், வருமானத்தில் மேல்தட்டு 40 சதவீதக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். காசு வாங்காமல் ஆயிரம் மணி நேரம் தன்னார்வ வேலை பார்க்க, காசுக் கவலை இல்லாத வீடு வேண்டும்.

சரி, அப்படியானால் மார்க் மட்டும் போதும் என்று முடித்துவிடலாமா? முடிக்க எனக்கு மனமில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் மாநில நுழைவுத்தேர்வு வந்தது. 2006இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். அடுத்த பத்து வருஷம் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே. 2017இலிருந்து நீட். முறை மாறிக்கொண்டே வந்தாலும் ஒன்று மட்டும் ஒரே திசையில் போனது: பரீட்சைப் படிப்பு, பள்ளியில் பாடத்துக்கு வெளியே இருந்த எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பிளஸ் ஒன் டைம்டேபிளில் பி.டி. பீரியட் என்று அச்சாகியிருக்கும். அந்த நேரத்தில் வகுப்பைப் போய்ப் பாருங்கள், இயற்பியல் ரிவிஷன் டெஸ்ட் நடக்கும். பி.டி. சார் வராண்டாவில் வினாத்தாள் கட்டு எண்ணிக்கொண்டிருப்பார். சயின்ஸ் குரூப் பிள்ளைகளைக் கலைத்திருவிழாவுக்கு அனுப்பச் சொன்னால் பாதிப் பெற்றோர் கையெழுத்துப் போடுவதில்லை.

அதற்கப்புறம் ரிப்பீட்டர் வருஷம். நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-17இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் 87.53 சதவீதம் பேர் அந்த வருஷமே பிளஸ் டூ முடித்தவர்கள். 2020-21இல் அது 28.58 சதவீதம். மற்றவர்கள் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கூடுதலாகப் படித்து வந்தவர்கள். பதினேழு பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை, கோச்சிங் ஹாஸ்டலில், காலை ஐந்து மணிக்கு எழுந்து ராத்திரி பதினொன்று வரை எம்.சி.க்யூ. போடுகிறது. அந்த வயசில் ஊரில் ஒரு சாவு வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டிருக்க வேண்டும், ரத்தம் கொடுக்க பெரியாஸ்பத்திரிக்கு நண்பனைக் கூட்டிப்போயிருக்க வேண்டும், சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் கூட்டத்தில் மயங்கினவருக்கு முகத்தில் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும்.

இந்த நிலையைக் கொஞ்சம் சரிசெய்யவும் ஒரு முயற்சி நடந்தது. அதில் எங்கள் மதுரைக்கு ஒரு பங்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு மசோதா 2020இல் ஆளுநரிடம் கிடந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி கிருபாகரன் அமர்வு அந்தத் தாமதத்தைப் பற்றி மனம் கலங்கிப் பேசியது. அக்டோபர் கடைசியில் ஒப்புதல் வந்தது. முதல் வருஷமே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போயிற்று. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது விதி. எங்களைப் போன்ற உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அதே தெருவில், அதே கூலி வேலை பார்க்கும் வீட்டிலிருந்து வருகிறவர்கள்தான் இவர்களும். அது தனிப் பதிவாக எழுத வேண்டிய வருத்தம். இங்கே நான் சொல்ல வருவது, ஆளைப் பார்த்துச் சேர்ப்பது என்பதை நாம் வேறொரு வழியில் செய்திருக்கிறோம் என்பதை. பிள்ளை என்னென்ன சான்றிதழ் வைத்திருக்கிறது என்று பார்க்காமல், எங்கிருந்து நடந்து வந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறோம். எனக்கு இது அந்த 15 கட்டங்களைவிட நேர்மையானதாகப் படுகிறது.

சான்றிதழில் ஏறாத திறமை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கண் முகாமைப் பற்றிச் சொல்கிறேன். மதுரைக்காரர்களுக்குக் கண் முகாம் புதிதில்லை. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த டாக்டர் வெங்கடசாமி, 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு அறுவை சிகிச்சை செய்தவர் அவர். அந்தக் காலம் தொட்டு இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஞாயிற்றுக்கிழமை முகாம் என்பது வழக்கமான காட்சி. எங்கள் பள்ளியிலும் நடக்கும், என்.எஸ்.எஸ். பிள்ளைகள் உதவிக்கு நிற்பார்கள்.

அப்படி ஒரு முகாமில், பார்வை அட்டை மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் இரண்டு மாணவிகளை நிறுத்தியிருந்தோம். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஒரு அட்டை உண்டு. ஆங்கில 'ஈ' எழுத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அச்சடித்திருப்பார்கள், மேலே பெரிசு, கீழே வரவரச் சின்னது. மூன்று காலும் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். ஒரு அப்பத்தா வந்து உட்கார்ந்தார். முதல் மாணவி வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள். "பாட்டி, எந்த டைரக்‌ஷன்னு சொல்லுங்க" என்றாள். அவருக்குப் புரியவில்லை. அவள் இன்னும் சத்தமாக அதையே சொன்னாள். அப்பத்தா பயந்து, "எனக்கு ஒண்ணுந் தெரியல தாயி" என்று எழுந்துவிட்டார். தெரியவில்லை என்று தாளில் எழுதப் போனாள். பக்கத்தில் நின்றவள் அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். தரையில் குத்தவைத்து, தன் மூன்று விரலை நீட்டி, "அப்பத்தா, இந்தா கோழிக்கால் மாதிரி இருக்குல்ல, அது எங்கிட்டுப் பாக்குது? வீட்டுப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?" என்றாள். அப்பத்தா கையை ரோட்டுப் பக்கம் நீட்டினார். அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று நாலு வரி வரை வந்து நின்றார். இடது கண்ணில் புரை. அன்றைக்கே பஸ்ஸில் அறுவை சிகிச்சைக்குக் கிளம்பினார்.

இந்த இரண்டாவது பெண்ணுக்கு நீங்கள் எத்தனை மார்க் போடுவீர்கள்? நான் 75க்கு 75 போடுவேன். ஆனால் அவள் என்.எஸ்.எஸ். பட்டியலிலேயே இல்லை. ஆள் குறைகிறதே என்று நான் கூப்பிட்டு வந்து நின்றவள். சான்றிதழ் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் வந்தது. அவள் ஏன் சேரவில்லை என்றால், சாயங்காலம் நடக்கும் கூட்டங்களுக்கு இருக்க முடியாது. வீட்டில் மல்லிகைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். சீசனில் விடியுமுன்னே எழுந்து மொட்டுப் பறித்து, மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கூடை ஏறிய பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். சாயங்காலம் தம்பியைக் கவனிக்க வேண்டும். ஆச்சிக்குச் சர்க்கரை, பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எங்கே போடுவது, மாத்திரைக்கு எந்த ஜன்னலில் நிற்பது, ஊசியை எப்படிப் போடுவது எல்லாம் அவளுக்கு அத்துபடி. வெளிநாட்டில் டாக்டருக்குப் பின்னால் நடந்து ஆஸ்பத்திரியைப் பார்ப்பதற்கென்று பிள்ளைகள் தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்குகிறார்கள். அவள் அதே ஆஸ்பத்திரியை நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். இதற்கு எந்த ஊரில், யார் கையெழுத்துப் போட்டு, எந்த முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுப்பார்கள்?

அமெரிக்க விண்ணப்பத்தில் கூலி வேலையையும் எழுத இடம் இருக்கிறது என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதை எழுதத் தெரிய வேண்டும், எழுத வைக்கிற ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். நம்மூரில் இதற்கு மார்க் என்று நாளைக்கு அறிவித்தால் என்ன நடக்கும் என்பதை நான் யோசிக்கவே வேண்டியதில்லை. நீட் கோச்சிங் போர்டுக்குப் பக்கத்திலேயே 'சமூக சேவை பேக்கேஜ்' போர்டு தொங்கும். ஒரு அனாதை இல்லம், ஒரு மரக்கன்று, ஒரு போட்டோ, ஒரு சான்றிதழ். பூப் பறிக்கிற பிள்ளை அதையும் வாங்க முடியாமல் நிற்கும்.

ஆளைப் பார்த்துச் சேர்ப்பதை நாணயமாகச் செய்தவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.), ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி. அங்கே பல காலம் தங்கள் சொந்த நுழைவுத்தேர்வு வைத்து, தேறியவர்களை வேலூருக்கே வரவழைத்து, சில நாள் தங்கவைத்துப் பார்த்தார்கள். குழுவாக வேலை கொடுப்பார்கள். யார் அடுத்தவனைப் பேசவிடுகிறான், யார் தோற்றதும் முகம் சுளிக்கிறான் என்று கவனிப்பார்கள். படித்து முடித்தால் சிறிய ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. 2017இல் நீட் கட்டாயமானபோது, அவர்கள் அந்த வருஷம் எம்.பி.பி.எஸ்.ஸில் 100 இடத்தில் ஒரே ஒருவரை, போரில் உயிர்நீத்த வீரரின் பிள்ளையை, மட்டும் சேர்த்துக்கொண்டு மீதியைக் காலியாக விட்டார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை. நீட் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் சி.எம்.சி. செய்ததை மாநிலம் முழுக்கச் செய்ய முடியாது என்பதும் தெரியும். 100 இடத்துக்குச் சில நாள், நூற்றாண்டுப் பழக்கமுள்ள ஆசிரியர்கள், சேர்ந்தபின் கிராமத்துக்கு அனுப்பும் ஏற்பாடு, இவ்வளவும் சேர்ந்துதான் அது நடந்தது.

கனடாவில் ஹாமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இருபது வருஷத்துக்கு முன் இன்னொரு வழி கண்டுபிடித்தது. ஒரே குழுவின் முன்னால் உட்காரவைக்காமல், மாணவரை அறை அறையாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு அறையிலும் சில நிமிஷம், ஒரு சூழ்நிலை, வேறொரு மதிப்பீட்டாளர். ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும் மற்றவர்கள் மார்க் காப்பாற்றும். பழைய சான்றிதழை அங்கே யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. இப்போது, இந்த அறையில், நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கிறார்கள். அந்தக் கண் முகாமில் அட்டைக்கு முன்னால் நான் பார்த்ததும் அதுதான். இதைச் சிறிய அளவில் நம் ஊரில் முயன்றால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் லட்சத்துக்கும் மேல் பேர் எழுதுகிற மாநிலத்தில், சிபாரிசு இன்னும் உயிரோடு இருக்கிற ஊரில், அதற்கு மார்க் கொடுத்துச் சேர்க்கையில் ஏற்றுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பெரியகருப்பன் வழக்கு அதற்குள் மறந்துபோகிற விஷயமில்லை.

என் கோரிக்கை சேர்க்கைக்கு முன்னும் பின்னும் உள்ளதைப் பற்றியது. பின்னால் இருப்பது ஓரளவு நடக்க ஆரம்பித்துவிட்டது. 2019இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நடத்தை, நெறி, பேச்சு என்று தனியாகப் பாடம் வைத்தார்கள். தொடக்கத்தில் அறிமுகப் பயிற்சி; அதில் உள்ளூர் மொழியும் உண்டு, விளையாட்டும் உண்டு. அப்புறம் தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களை எடுத்துக்கொண்டு, முதல் வருஷத்திலிருந்தே போய்வந்து, அவர்கள் உடல்நிலையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ரத்த அழுத்தக் கருவியோடு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "என்னம்மா சாப்பிட்டீங்க" என்று தொடங்குகிற அந்தப் பேச்சு, கோச்சிங் ஹாஸ்டலில் போன இரண்டு வருஷத்தைக் கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்கும். இதுவும் ரெக்கார்டு நோட்டு நிரப்புகிற வேலையாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பேராசிரியர்கள். மாணவர் வந்தாரா, என்ன கேட்டார், சொன்னது உங்களுக்குப் புரிந்ததா என்று அந்தக் குடும்பத்தையே கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். சேர்ந்தபின் போடுகிற மார்க்கில் யார் சீட்டும் பறிபோகாது என்பதால் எனக்கு அதில் பயமில்லை.

முன்னால் இருப்பதுதான் எங்கள் கையில், பள்ளிக்கூடத்தின் கையில் இருக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் பி.டி. பீரியட் பி.டி. பீரியடாகவே நடக்க வேண்டும். அதை எடுத்து இயற்பியலுக்குக் கொடுக்கிற தலைமையாசிரியரிடம் நான் சண்டை போடுகிறேன். மற்ற ஆசிரியர்களும் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வருகிற பிள்ளைக்கு மார்க் வேண்டாம், திங்கள்கிழமை டெஸ்ட்டைத் தள்ளி வைத்தால் போதும். பூப் பறித்துவிட்டு வருகிறவளை முதல் பீரியட் தாமதத்துக்காக வெளியே நிற்க வைக்காமல் இருந்தால் போதும்.

கபடி ஃபைலோடு வருகிற அப்பாக்களுக்கு இப்போது நான் சொல்வது இது. அண்ணே, இது சீட்டு வாங்கித் தராது. தேசிய அளவுக்குப் போகிறவளாக இருந்தால் மட்டும், அந்த ஏழு இடத்துக்கான விதிமுறையைத் தேர்வுக் குழுவின் கையேட்டில் அந்தந்த வருஷம் படித்துப் பாருங்கள், ஒரிஜினலைப் பத்திரமாக வையுங்கள், லேமினேஷன் போட வேண்டாம். மற்றபடி, பிளஸ் ஒன் வந்துவிட்டதே என்று கபடியை நிறுத்தாதீர்கள். ஒரு மணி நேரம் மண்ணில் ஆடிவிட்டு வருகிற பிள்ளை ராத்திரி நன்றாகத் தூங்குகிறது, காலையில் பாடம் ஏறுகிறது. இது நான் வகுப்பில் தினமும் பார்ப்பது. இரண்டாவது தடவை நீட் எழுத உட்காருகிற பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம்.

கடைசியாக ஒரு உதவி. 1970ஐ ஒட்டிய அந்த வருஷங்களில் மதுரையில் மருத்துவ நேர்காணலுக்குப் போனவர்கள் இதைப் படித்தால், உள்ளே என்ன கேட்டார்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், விளையாட்டைப் பற்றியோ சேவையைப் பற்றியோ ஒரு வார்த்தையாவது பேச்சு வந்ததா என்று எனக்கு எழுதுங்கள். இடம் கிடைத்து டாக்டர் ஆனவர்கள் அங்கங்கே பேசியிருக்கிறார்கள். கிடைக்காமல் பி.எஸ்ஸி. சேர்ந்தவர்கள், வாத்தியார் ஆனவர்கள், ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தவர்கள் சொல்வதைத்தான் நான் இன்னும் கேட்கவில்லை.